ஒரு சொட்டும் தரையில் விழாமல் ஆயில் ஃபில்டர் மாற்றுவது

எங்கள் வீடு செங்கோட்டையில் இருக்கிறது. முற்றத்தில் கார் நிற்கும் இடத்துக்கும் கிணற்றுக்கும் நடுவே 12 அடிதான். ஆறு ஆண்டுகளுக்கு முன்பு முதல் முறையாக என் காருக்கு நானே என்ஜின் ஆயிலும் ஃபில்டரும் மாற்றினேன். ஃபில்டரைத் திருகிக் கழற்றிய நொடியில் ஒரு டம்ளர் கறுப்பு எண்ணெய் உள்ளங்கையில் இறங்கி, முழங்கை வரை ஓடி, சிமெண்டுத் தரையில் பரவியது. பதற்றத்தில் குழாயைத் திறந்து தண்ணீர் அடித்துக் கழுவிவிட்டேன். தரை சுத்தமாகத்தான் ஆனது. மறுநாள் காலையில் அம்மா இறைத்த வாளித் தண்ணீரின் மேல் மயில் கழுத்து நிறத்தில் ஒரு படலம் மிதந்தது.

கிணற்று மேடையில் ஒரு விரிசல் இருந்திருக்கிறது. கழுவிய தண்ணீர் அதன் வழியாக உள்ளே போய்விட்டது. பழைய வேட்டித் துணியைக் கயிற்றில் கட்டி இறக்கி, மிதந்த படலத்தை ஒற்றி ஒற்றி எடுத்தோம். இரண்டு வாரம் அந்தத் தண்ணீரைச் சமையலுக்குத் தொடவில்லை. அம்மா என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுதான் அதிகமாக வலித்தது.

அதற்குப் பிறகு என் காருக்கும் தம்பியின் காருக்குமாகப் பதினொரு முறை ஃபில்டர் மாற்றியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் எங்கே சிந்தியது, ஏன் சிந்தியது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். நான் மருத்துவப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவள். இரத்தமானாலும் இரசாயனமானாலும் சிந்தாமல் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றுவதுதான் அங்கே என் அன்றாட வேலை. அந்தக் கவனத்தைக் காரின் அடியிலும் காட்ட முடியும் என்று புரிந்துகொள்ள எனக்கு மூன்று முறை பிடித்தது. கடைசி ஐந்து முறையும் தரையில் விரித்த செய்தித்தாள் உலர்ந்தே இருந்தது.

எண்ணெய் எங்கே ஒளிந்திருக்கிறது

என்ஜினின் அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டியைச் சம்ப் என்பார்கள். சம்ப்பிலிருந்து எண்ணெய் முழுவதும் வடிந்த பிறகும் ஃபில்டர் நிறைந்துதான் இருக்கும். இது தெரியாததுதான் என் முதல் தவறு. புது ஃபில்டரை வாங்கியதும் அதன் வாய்ப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். நடுவில் மரை வெட்டிய பெரிய துளை. அதைச் சுற்றிலும் சிறு துளைகள். அழுக்கு எண்ணெய் சிறு துளைகள் வழியாக உள்ளே போய், மடிப்பு மடிப்பான காகிதத்தில் வடிந்து, நடுத்துளை வழியாக என்ஜினுக்குத் திரும்புகிறது. சிறு துளை ஒன்றில் சுத்தமான விரல் நுனியையோ குச்சியையோ வைத்து மெல்ல அழுத்தினால் ரப்பர் தட்டுப்படும். என்ஜின் நின்றதும் எண்ணெய் பின்வாங்கிச் சம்ப்புக்கு இறங்கிவிடாமல் தடுக்கும் மடல் அது. காலையில் சாவியைத் திருப்பியவுடன் என்ஜினின் மேல்பகுதிக்குத் தாமதமில்லாமல் எண்ணெய் கிடைக்க வேண்டும் என்பதற்காக வைத்திருக்கிறார்கள். அது நல்ல வேலைதான் செய்கிறது. ஆனால் நாம் ஃபில்டரைக் கழற்றும்போது அதே மடல் எண்ணெயை உள்ளே பிடித்து வைத்திருந்து, வாய் சற்றுத் திறந்து காற்றுப் புகுந்ததும் மொத்தமாக விட்டுவிடுகிறது.

ஒருமுறை என் காரின் பழைய ஃபில்டரை இரவு முழுவதும் கவிழ்த்து வைத்து, வடிந்ததை அளவுக் குடுவையில் ஊற்றிப் பார்த்தேன். 210 மில்லி இருந்தது. சின்ன பெட்ரோல் காருக்கே இவ்வளவு. அந்த 210 மில்லிக்கும் ஒரு வழி செய்து வைத்துவிட்டுத்தான் ஸ்பேனரைத் தொட வேண்டும்.

அடுத்ததாக உங்கள் காரில் ஃபில்டர் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். சில கார்களில் வாய் மேலேயும் அடிப்பாகம் தரையைப் பார்த்தும் தொங்கும். கழற்றிய பிறகு அதை நிமிர்த்தியபடியே இறக்கினால் உள்ளிருக்கும் எண்ணெய் உள்ளேயே இருக்கும், கொடுத்து வைத்தவர்கள். சில கார்களில் என்ஜினின் மேல்பகுதியில் வாய் கீழ்நோக்கியபடி நிற்கும். சுபாருவின் சில என்ஜின்களில் அப்படி நிற்கும் ஃபில்டரைச் சுற்றி, வழிவதைப் பிடிக்க ஒரு கிண்ணமே வார்த்திருக்கிறார்கள். என் கார் உட்பட மிகப் பல சிறிய கார்களில் ஃபில்டர் என்ஜினின் பக்கவாட்டில் படுத்திருக்கிறது. இதுதான் மிகவும் சிந்தும் வகை. அது என்ஜினோடு சேரும் கழுத்துக்கு நேர் கீழே இரும்புத் தாங்கி ஒன்று, அதற்கும் கீழே சைலன்சர் குழாய். கழுத்திலிருந்து வழியும் எண்ணெய் தாங்கியின் மூலை முடுக்குகளில் தேங்கி, வண்டி ஓடத் தொடங்கியதும் சைலன்சரில் சொட்டிப் புகையும். எது ஒழுகுகிறது, எது முன்பு சிந்தியது என்று பிரித்தறிய முடியாமல் ஒரு வாரம் நிம்மதியைக் கெடுக்கும். அதிர்வைத் தாங்கும் ரப்பர் புஷ்களில் எண்ணெய் ஊறினால் அவையும் நாளடைவில் உப்பிக் கெடும். ஆகவே இனி நான் சொல்லப்போவது பெரும்பாலும் படுத்திருக்கும் ஃபில்டருக்காகவே.

தகர டப்பா இல்லாமல், பிளாஸ்டிக் மூடிக்குள் வெறும் காகித ஃபில்டரை வைக்கும் கார்களும் உண்டு. மூடி என்ஜினின் மேற்புறத்தில் இருந்தால் சம்ப்பை வடிப்பதற்கு முன்பே மூடியை இரண்டு மூன்று சுற்றுத் தளர்த்திவிட்டுப் பத்து நிமிடம் காத்திருங்கள். பலவற்றில் உள்ளே உள்ள எண்ணெய் தானாகவே சம்ப்புக்கு இறங்கிவிடும். பிறகு மூடியைத் தூக்கினால் ஃபில்டர் ஈரமாக மட்டும் வரும். மூடியின் ரப்பர் வளையத்தைக் கட்டாயம் மாற்றுங்கள். அந்த வகைக்கு இதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

எடுத்து வைக்க வேண்டியவை

வண்டிக்கு உரிய ஃபில்டர், வண்டியின் கையேட்டில் சொன்ன தரத்தில் என்ஜின் ஆயில், சம்ப்பின் வடிதுளையை மூடியிருக்கும் டிரெயின் போல்ட்டுக்கு ஒரு புது வாஷர். பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு ஃபில்டர்களின் மரை வேறு வேறாக இருக்கலாம். பாதி மரை பிடித்து நின்றுவிட்டுப் பிறகு பிய்த்துக்கொள்ளும். எனவே கடையில் வண்டியின் மாடலையும் ஆண்டையும் சொல்லி வாங்குங்கள்.

எண்ணெய் பிடிக்க அகலமான, தாழ்ந்த தட்டு வேண்டும். என் காருக்கு ஃபில்டரோடு சேர்த்து மூன்று லிட்டர் எண்ணெய். நான் வைத்திருப்பது ஏழு லிட்டர் கொள்ளும் பழைய துணி துவைக்கும் பேசின். கொள்ளளவு ஏன் இரு மடங்குக்கு மேல் என்றால், விளிம்பு வரை நிறைந்த பாத்திரத்தைக் காரின் அடியிலிருந்து சிந்தாமல் இழுக்க யாராலும் முடியாது. சமையலறைப் பாத்திரம் எதையும் இதற்கு எடுக்காதீர்கள். எடுத்தால் அது மறுபடி சமையலறைக்குப் போகக் கூடாது.

இரண்டு ஒரு லிட்டர் பால் பாக்கெட்டுகள். மேல் விளிம்பை நேராக வெட்டி, கழுவி, நன்றாக உலர வைத்தவை. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்துவிட்டதால், கடைப் பைக்கு என்ன செய்வது என்று யோசித்தேன். தடையிலிருந்து விலக்குப் பெற்ற பால் பாக்கெட் அதைவிடப் பல மடங்கு நன்றாக இருந்தது. தடிப்பானது, அடியில் கசியாதது, சின்ன காரின் ஃபில்டருக்குச் சட்டை போட்டதுபோல் பொருந்துவது. உங்கள் ஃபில்டர் பருமனாக இருந்தால் முதலில் ஒரு நூலால் சுற்றளவை அளந்துகொள்ளுங்கள்.

வாழைப்பட்டை ஒன்று. குலை வெட்டிய வாழையிலிருந்து ஒரு முழ நீளத்துக்கு உரித்துக்கொள்ளுங்கள். வாய்க்கால் போல் குழிந்திருக்கும், வளைத்த பக்கம் வளையும், எதையும் கீறாது, எண்ணெயை உறிஞ்சாது. கடையில் விற்கும் எந்தக் கருவியையும்விட எனக்கு இது நன்றாகக் கைகொடுத்திருக்கிறது. வாழை கிடைக்காத இடத்தில் காலியான ஆயில் கேனின் பக்கவாட்டை நீளமாக வெட்டி மடக்கிக்கொள்ளலாம். அதன் விளிம்பு கையைக் கிழிக்கும், கவனம்.

இவற்றோடு, பழைய பருத்தித் துணி நான்கைந்து, ரப்பர் கையுறை, செய்தித்தாள், ஒரு முறம் நிறைய மரத்தூள். மரத்தூளைத் தேவைப்பட்ட பிறகு தேடப் போகக் கூடாது. முதலிலேயே கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

நாளும் நேரமும்

எங்கள் ஊரில் ஆனி, ஆடி மாதங்களில் இந்த வேலையை வெளியில் செய்யவே மாட்டேன். ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் காற்று அப்படி. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். கடைசியில் நூல் போல் இறங்கும் எண்ணெயைப் பேசினுக்கு வெளியே கொண்டுபோய்ப் போட ஒரு சின்ன வீச்சே போதும். சாரல் விழுந்தால் இன்னும் மோசம், சிந்திய எண்ணெய் தண்ணீரோடு ஓடிவிடும். குற்றாலம் சீசன் தொடங்கும் முன் மே மாதத்தில், காற்று அடங்கிய விடியற்காலையில் செய்வது என் வழக்கம். அவசர வேலை இருக்கும் நாளிலும் இதைத் தொடாதீர்கள். இந்த வேலையில் எண்ணெய் வடியக் காத்திருக்கும் நேரமே பாதிக்கு மேல்.

வண்டியைத் தூக்குவது பற்றி ஒன்றே ஒன்று. ஜாக்கை மட்டும் நம்பி யாரும் காரின் அடியில் போகக் கூடாது. செங்கல்லோ ஹாலோ பிளாக்கோ அடுக்கி அதன் மேல் காரை நிறுத்தவும் கூடாது. அவை எச்சரிக்கை இல்லாமல் நொறுங்கும். முன்சக்கரங்களை ஏற்றி நிறுத்த, சரிவாக அமைந்த இரும்பு ராம்ப் இரண்டு செய்து வைத்திருக்கிறேன். ஏற்றிய பிறகு ஹேண்ட் பிரேக் போட்டு, முதல் கியரில் விட்டு, பின்சக்கரங்களுக்குப் பின்னால் கட்டை கொடுக்கிறேன்.

என்ஜினை நான்கைந்து நிமிடம் ஓட விட்டு நிறுத்தி, கால் மணி நேரம் ஆற விடுங்கள். குளிர்ந்த எண்ணெய் கெட்டியாக ஒட்டிக்கொண்டு கடைசி வரை சொட்டும். கொதிக்கும் எண்ணெய் கையைச் சுடும், பால் பாக்கெட்டையும் இளக்கும். சம்ப்பின் மேல் புறங்கையை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். அதே நேரம் சைலன்சர் குழாய் இன்னும் சுடும் என்பதை மறக்காதீர்கள்.

சம்ப்பை வடித்தல்

என்ஜினின் மேல் உள்ள ஆயில் மூடியைத் திறந்து வைத்தால் காற்று உள்ளே போய் எண்ணெய் திணறாமல் இறங்கும். டிரெயின் போல்ட்டை ஸ்பேனரால் தளர்த்திய பிறகு கையால் திருகுங்கள். திருகும்போது போல்ட்டை உள்நோக்கி அழுத்திக்கொண்டே இருங்கள்; மரை முடிந்துவிட்டது என்று விரலுக்குத் தெரிந்ததும் சட்டென்று பக்கவாட்டில் விலக்குங்கள். அழுத்தம் கொடுக்காமல் திருகுகிறவர்களுக்குத்தான் கடைசி இரண்டு மரையிலேயே எண்ணெய் மணிக்கட்டில் வழிகிறது.

போல்ட் பக்கவாட்டைப் பார்த்து இருந்தால் முதல் எண்ணெய் நேர் கீழே விழாது. வில்லாக வளைந்து ஒரு சாண் தள்ளிப் போய் விழும். அளவு குறையக் குறைய வில் சுருங்கிப் போல்ட்டுக்கு நேர் கீழே வந்துவிடும். ஆகவே முதலில் பேசினைத் தள்ளி வைத்து, ஒரு நிமிடம் கழித்து உள்ளே இழுக்க வேண்டும். என் நோட்டில் இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் எழுதியிருப்பது இந்தத் தவறைத்தான்.

இருபது நிமிடம் வடிய விடுங்கள். சொட்டுச் சொட்டாக ஆன பிறகு புது வாஷரோடு போல்ட்டை மாட்டி இறுக்கி, சுற்றிலும் துடைத்துவிடுங்கள். இதை இப்போதே முடித்துவிட வேண்டும். ஃபில்டர் வேலை முடிந்த பிறகு மாட்டிக்கொள்ளலாம் என்று விட்டு, புது எண்ணெயைத் திறந்த துளை வழியாகத் தரையில் ஊற்றியவர்கள் உண்டு.

ஃபில்டரைக் கழற்றுதல்

இதற்குத்தான் இவ்வளவு ஏற்பாடும்.

முதலில் ஃபில்டரின் கழுத்துக்குக் கீழே உள்ள தாங்கியைத் துணியால் மூடுங்கள். அதன் மேல் வாழைப்பட்டையின் ஒரு முனையைச் செருகி, அது ஃபில்டரும் என்ஜினும் சந்திக்கும் கோட்டுக்கு நேர் கீழே வருமாறு வையுங்கள். மறுமுனை சரிந்து பேசினுக்குள் இறங்க வேண்டும். ஒரு கரண்டித் தண்ணீரை மேலே விட்டுச் சோதிக்க ஆசை வரும். வேண்டாம், தண்ணீர் அங்கே போகக் கூடாது. கண்ணால் பார்த்தே சரிவைச் சரிசெய்யுங்கள். தேவைப்பட்டால் சணல் கயிற்றால் பட்டையைத் தாங்கியோடு கட்டிவிடுங்கள்.

ஃபில்டர் கையாலேயே தளர்ந்தால் நல்லது. வழுக்கினால் உப்புத்தாளின் சொரசொரப்பான பக்கம் ஃபில்டரில் படும்படி சுற்றிப் பிடித்துத் திருகுங்கள், பெரும்பாலும் அசையும். அதற்கும் அசையாவிட்டால் ஃபில்டரின் அடியில் தொப்பிபோல் பொருந்தும் கருவி நல்லது. சங்கிலி போட்டு முறுக்கும் கருவி தகரத்தை நசுக்கும்; நசுங்கிய ஃபில்டரில் பால் பாக்கெட் சரியாக உட்காராது. எப்படித் தளர்த்தினாலும் கால் சுற்றுக்கு மேல் போகாதீர்கள். ரப்பர் வளையம் அழுந்தி இருப்பதால் கால் சுற்று வரை பொதுவாக ஒழுகாது. பூட்டுத் திறந்துவிட்டது என்று உறுதி செய்துகொள்வதற்காகத்தான் இந்தக் கால் சுற்று.

இப்போது பால் பாக்கெட்டை ஃபில்டரின் அடியிலிருந்து ஏற்றி, கழுத்து வரை இழுத்துவிடுங்கள். பாக்கெட்டின் அடியில் இரண்டு விரற்கடை இடம் காலியாகத் தொங்கட்டும். எண்ணெய் சேர இடம் வேண்டும். பாக்கெட்டுக்கு வெளியிலிருந்து பிடித்து மிக மெதுவாகத் திருகுங்கள். முதல் சொட்டு தெரிந்ததும் நிறுத்துங்கள்.

நிறுத்திவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள்.

எல்லாரும் தவறு செய்வது இந்த இடத்தில்தான். எண்ணெய் வரத் தொடங்கியதும், சீக்கிரம் கழற்றி எறிந்துவிட வேண்டும் என்று கை பரபரக்கும். வேகமாகத் திருகினால் 210 மில்லியும் ஒரே மூச்சில் வரும். பாக்கெட்டும் தாங்காது, பட்டையும் தாங்காது. அந்த முதல் கசிவில் அப்படியே விட்டால் எண்ணெய் சன்னமாகக் கழுத்து வழியே இறங்கும். பாதி பாக்கெட்டில் சேரும், மீதி வாழைப்பட்டையில் ஓடிப் பேசினில் விழும். கால் மணி நேரம் போய்த் தேநீர் குடித்துவிட்டு வாருங்கள். திரும்பி வந்து இன்னும் அரைச் சுற்று. மறுபடி ஐந்து நிமிடம். அதன் பிறகு மொத்தமாகத் திருகி, கழன்றதும் வாய் மேல்நோக்கி வருமாறு நிமிர்த்தி, பாக்கெட்டோடு சேர்த்து இறக்குங்கள். நேராகப் பேசினுக்குள் நிற்க வையுங்கள்.

அப்பா இதைப் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார். குற்றாலம் சீசனிலும் கார்த்திகை மாத ஐயப்பன் சவாரிகளிலும் அம்பாசடர் ஓட்டியவர் அவர். அந்தக் காரில் இப்போதைய தகர டப்பா இல்லை. இரும்புக் கிண்ணத்துக்குள் ஃபில்டர் இருக்கும். நடுவில் ஒரு நீள போல்ட் கிண்ணத்தைத் தாங்கும். போல்ட் கழன்றதும் எண்ணெயோடு கிண்ணம் முழுக் கனமாகக் கையில் இறங்கும். கோயிலில் பால்குடம் இறக்குவதுபோல இரண்டு கைகளாலும் ஏந்தி, சாயாமல் இறக்குவார். “அவசரம் நமக்குத்தான் தாயி, எண்ணெய்க்கு இல்லை” என்பார். நான் அப்போது டார்ச் பிடிக்கிற பெண்.

கழுத்துக்கு நேர் கீழே சைலன்சர் இருந்து, பட்டையைச் செருக இடமே இல்லாத கார்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. கால் சுற்றுத் தளர்த்திப் பார்த்துவிட்டு, மறுபடி கையால் இறுக்குங்கள். பிறகு ஃபில்டரின் அடிப்பாகத்தில், மேல் விளிம்பருகே கூரான ஆணியால் தட்டி ஒரு துளை, அது காற்றுக்கு. கீழ் விளிம்பருகே இன்னொரு துளை, அது எண்ணெய்க்கு. எண்ணெய் கழுத்துப் பக்கம் போகாமல் எதிர்முனையிலிருந்து நேராகப் பேசினில் இறங்கிவிடும். முதலில் தளர்த்திப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு: துளை போட்ட பிறகு ஃபில்டர் கழல மறுத்தால் வண்டியை அந்த இடத்தைவிட்டு நகர்த்த முடியாது. நான் தம்பியின் காருக்கு மட்டும் இதைச் செய்கிறேன்.

பழைய வளையம்

ஃபில்டர் வந்ததும் அதன் வாயைப் பாருங்கள். ரப்பர் வளையம் அதில் இருக்கிறதா? இல்லையென்றால் அது என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைக் கவனிக்காமல் புது ஃபில்டரை மாட்டினால் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு வளையங்கள் உட்காரும். கையால் இறுக்கும்போது நன்றாக இறுகியதுபோலவே தோன்றும். என்ஜின் ஓடி அழுத்தம் ஏறியதும் அவற்றில் ஒன்று பிதுங்கி, சற்று நேரத்தில் புது எண்ணெய் முழுவதும் வெளியே வந்துவிடும். ஒரு டம்ளர் சிந்தியதற்கே கிணறு கெட்டது. இது மூன்று லிட்டர். அதைப் பார்க்காமல் வண்டியை ஓட்டினால் என்ஜினும் போகும். அப்பா அம்பாசடரின் கிண்ணத்துக்கு மேலே உள்ள பள்ளத்திலிருந்து பழைய வளையத்தை ஊக்கால் நெம்பி எடுத்து, அதை என் கையில் கொடுத்த பிறகுதான் புதியதைத் தொடுவார். நானும் பழைய வளையத்தைக் கண்ணால் கண்ட பிறகே புது ஃபில்டரின் உறையைப் பிரிக்கிறேன்.

என்ஜினில் ஃபில்டர் உட்காரும் வட்டத்தைச் சுத்தமான துணியால் துடைத்து, விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள். மண்ணோ நூலோ தட்டுப்படக் கூடாது.

புது ஃபில்டரின் வளையத்தில் புது எண்ணெயை விரலால் பூசுங்கள். உலர்ந்த ரப்பர் திருகும்போது சுருண்டு மடிந்துவிடும். ஃபில்டருக்குள் எண்ணெய் நிரப்பி மாட்டலாமா என்று கேட்பார்கள். வாய் மேலே பார்த்து மாட்டுவதானால் நிரப்பலாம். படுக்கையாக மாட்டும் ஃபில்டரில் நிரப்பினால், இதுவரை காத்த சுத்தம் எல்லாம் ஒரு நொடியில் போய்விடும். காகிதம் நனையும் அளவுக்கு நான்கைந்து ஸ்பூன் போதும்.

கையாலேயே திருகி ஏற்றுங்கள். வளையம் என்ஜினைத் தொட்டதும் ஃபில்டரின் மேல் ஒரு பேனாக் கோடு போட்டுக்கொண்டு, அங்கிருந்து முக்கால் சுற்று. சில ஃபில்டர்களில் ஒரு சுற்று என்று அச்சிட்டிருக்கும், அதன்படி செய்யுங்கள். கருவி வைத்து முறுக்க வேண்டாம். அளவுக்கு மேல் இறுக்கினால் ஒழுகாது என்பதில்லை, வளையம் நசுங்கி ஒழுகவும் செய்யும். அடுத்த ஆண்டு கழற்றும்போது கை நோகும்.

பிறகு வாழைப்பட்டையையும் துணியையும் எடுத்துவிட்டுத் தாங்கி, சம்ப், சைலன்சர் எல்லாவற்றையும் துடைத்து உலர்த்துங்கள். இப்போது துடைத்தால்தான் பின்னால் தெரியும் ஈரம் புதிய கசிவு என்று நம்ப முடியும்.

எண்ணெய் ஊற்றுவதும் பார்ப்பதும்

கேனைப் படுக்க வைத்த வாக்கில் பிடித்து, அதன் வாய் மேல்பக்கமாக இருக்கும்படி சாய்த்து ஊற்றுங்கள். காற்று உள்ளே போக வழி இருப்பதால் குபுக் குபுக் என்று துள்ளாமல் ஒரே ஒழுக்காக வரும். கையேட்டில் சொன்ன அளவில் கால் லிட்டர் குறைத்து ஊற்றி, மீதியை அளவுக் கம்பியைப் பார்த்துச் சேருங்கள்.

என்ஜினை ஓட விடுங்கள். ஆயில் விளக்கு சில நொடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால் உடனே நிறுத்துங்கள். ஓரிரு நிமிடம் ஓட விட்டு, வண்டியின் அடியில் தலையை நுழைக்காமல் பக்கத்திலிருந்து டார்ச் அடித்து ஃபில்டரின் கழுத்தைப் பாருங்கள். நிறுத்தி, சமதரையில் இறக்கி, பத்து நிமிடம் கழித்துக் கம்பியில் அளவு பாருங்கள்.

அதன் பிறகு அடியில் புதுச் செய்தித்தாள் விரித்து, காற்றில் பறக்காமல் நான்கு கல் வைத்து, இரவு விட்டுவிடுவேன். காலையில் தாளில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது என் வேலை முடிந்ததா என்பதற்கு அடையாளம்.

சிந்திவிட்டால்

தண்ணீர் ஊற்றாதீர்கள். நான் செய்த தவறு உங்களுக்கு வேண்டாம். மரத்தூளை வெளிவட்டத்திலிருந்து உள்நோக்கிக் கொட்டி, செருப்புக் காலால் தேய்த்து, அரை மணி நேரம் விட்டுக் கூட்டி அள்ளுங்கள். மரத்தூள் இல்லாவிட்டால் உலர்ந்த மணல், அடுப்புச் சாம்பல், கல்மாவுக் கோலப்பொடி எதுவும் உதவும். கறை மிஞ்சினால் சலவைத் தூளைக் கெட்டியாகக் குழைத்துப் பூசித் தேய்த்து, அதன் மேலும் மரத்தூள் போட்டு அள்ளுங்கள். அள்ளியதை ஒரு பழைய தகர டப்பாவில் மூடி வையுங்கள். எண்ணெய் பட்ட வாழைப்பட்டையும் அதில்தான் போக வேண்டும். முற்றத்தில் எறிந்தால் மாடு தின்றுவிடும்.

பழைய எண்ணெயைப் பேசினிலிருந்து காலி ஆயில் கேனுக்கு மாற்றும்போது பேசினைத் தூக்கி நடக்காதீர்கள். கேனையும் புனலையும் பேசின் இருக்கும் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். பழைய ஃபில்டரை அதே கேனின் புனலில் கவிழ்த்து ஒரு நாள் முழுவதும் வடிய விட்ட பிறகு பாக்கெட்டில் கட்டுங்கள். கேனில் மண்ணெண்ணெய், பெட்ரோல், பிரேக் ஆயில் எதுவும் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கலந்தால் மறுசுத்திகரிப்புக்கு உதவாது.

எங்கள் பக்கத்தில் இந்த எண்ணெயைக் கேட்டு வாங்கிப் போவார்கள். சென்ட்ரிங் பலகைக்குப் பூச, வேலிக் கம்புக்குக் கரையான் வராமல் தடவ. நான் கொடுப்பதில்லை. என்ஜினுக்குள் வெந்து, தேய்ந்த உலோகத்தைச் சுமந்து வந்த எண்ணெய் அது. மழையில் கரைந்து மண்ணுக்குத்தான் போகும். 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளிலும் பயன்படுத்திய எண்ணெய் இடம்பெற்றிருக்கிறது. அது பதிவு பெற்ற மறுசுத்திகரிப்பாளரிடம் போய்ச் சேர வேண்டிய பொருள். தென்காசியில் நான் உதிரிபாகம் வாங்கும் பட்டறையில் அதற்கென்று பீப்பாய் வைத்திருக்கிறார்கள். வேலைக்குப் போகும் வழியில் கேனையும் ஃபில்டரையும் அங்கே கொடுத்துவிடுகிறேன். உங்கள் ஊரில் எந்தப் பட்டறை பீப்பாய் வைத்திருக்கிறது என்பதை எண்ணெய் மாற்றுவதற்கு முன்பே கேட்டு வையுங்கள்.

புது ஃபில்டரின் மேல் தேதியையும் கிலோமீட்டரையும் அழியாத பேனாவால் எழுதிவிடுங்கள். என்னுடையதில் இந்த மே மாதம் எழுதியது 86,412. அடுத்தது 96,412-இல், அல்லது அடுத்த மே மாதத்தில், எது முந்துகிறதோ அப்போது. அதற்குள் கிணற்றடி விரிசலைச் சிமெண்டு வைத்து மீண்டும் ஒருமுறை பூச வேண்டும் என்றும் நோட்டில் எழுதியிருக்கிறேன்.